தலப்பா யாருக்கு எடுக்கும்?

"மூஞ்சி லட்சணமா இருக்கிறவனுக்குத்தான் தொப்பி, தலப்பா எல்லாம் எடுக்கும். நமக்குக் கட்டினா கோமாளிதான்." மெட்ராஸ் பக்கம் வந்தா இந்தப் பேச்சை நான் கேட்காம திரும்பினதே இல்லை. தி.நகர்ல இருக்கிற என் மாப்பிள்ளை சொல்றார். அவரோட ஆபீஸ் சிநேகிதர்கள் சொல்றாங்க. "மாமா, உங்க முகவெட்டுக்கு அந்த முண்டாசு சூப்பரா இருக்கு, எனக்குத்தான் செட்டாகாது"ன்னு என் தலையைக் காட்டிச் சொல்லும்போது, என்னைப் பாராட்டுறாங்களா, மியூசியத்துல வச்ச சாமானைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாங்களான்னு எனக்கே தெரியல.

அம்பத்தஞ்சு வயசு எனக்கு. வெயில்ல காய்ஞ்ச கறுத்த முகம், மூக்கு கொஞ்சம் சப்பை, கன்னத்துல அம்மைத் தழும்பு. இந்த மூஞ்சிக்குத் தலப்பா எடுக்குதுன்னா உலகத்துல எந்த மூஞ்சிக்கும் எடுக்கும். ஆனா எங்க மாப்பிள்ளை சும்மா அடக்கத்துக்குப் பேசலீங்க. நிஜமாவே நம்புறார். அந்த நம்பிக்கையிலதான் சித்திரை மாசம் மத்தியானம் ஒரு மணிக்கு பாண்டி பஜார்ல வெறுந்தலையோட நடந்து போயிட்டு, சாயங்காலம் தலைவலி மாத்திரை போட்டுக்கிறார். 2003 மே 31ஆம் தேதி நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி வெயில் பதிவாச்சு. 2024ல தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னே அறிவிச்சுது. இப்படிப்பட்ட ஊர்ல தலையை மூடுறதுக்கு முகவெட்டு பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க.

அழகைப் பத்தியே முதல்ல பேசிடுவோம். தமிழ்நாட்டுல அழகான முகம்னா ஊரே கை காட்டின முகம் எம்.ஜி.ஆர். முகம். அந்த முகத்துக்கு மேல தொப்பி எதுக்கு? முப்பது வருசம் சினிமாவுல சுருள் முடியும் சிரிப்புமா பார்த்த ஆள், 1977ல முதலமைச்சர் ஆனப்போ வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமா உட்கார்ந்தார். முகத்துல பாதியை மூடியாச்சு. வழுக்கையை மறைக்கிறார்னு பேசாத எதிர்க்கட்சிக்காரன் கிடையாது. பேசி என்ன ஆச்சு? 1987 டிசம்பர்ல கடற்கரையில அடக்கம் பண்றப்பவும் தொப்பியோடதான் பண்ணாங்க. தி.நகர் ஆற்காடு தெருவுல அவர் நினைவு இல்லம் இருக்கு, போகாதவங்க ஒருதரம் போய்ப் பாருங்க. அவர் ஓட்டின 4777 நம்பர் அம்பாசிடர் கார் நிக்குது, அடிமைப் பெண் படத்துல வந்த சிங்கத்தைப் பாடம் பண்ணி வச்சிருக்காங்க. எங்க பக்கத்துலேருந்து டூரிஸ்ட் பஸ்ல வர்ற கிழவிங்க அந்தப் படங்களுக்கு முன்னாடி அப்படியே நின்னுடுவாங்க.

ஜனவரி 17ல அவர் பிறந்த நாளுக்கு எத்தனை பேர் எம்.ஜி.ஆர். வேஷம் போட்டு வர்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? ஒல்லியா ஒருத்தர், தொந்தியோட ஒருத்தர், என்னை மாதிரி சப்பை மூக்கா ஒருத்தர். வெள்ளைத் தொப்பி வச்சு, கண்ணாடி மாட்டி, ரெண்டு விரலைக் காட்டினா சரி, கூட்டம் கை தட்டிடுது. முகம் யாருதுன்னு எவனும் பார்க்கல. தொப்பியே முகம் ஆயிடுச்சு. அழகான முகத்துக்குத் தொப்பி எடுத்துச்சுன்னு சொல்றவங்க இதுக்கு என்ன பதில் வச்சிருக்காங்க?

பாரதியாரும் அப்படித்தான். காசியில இருந்தப்போ அவர் மீசையும் தலப்பாவும் வச்சுக்கிட்டதா சொல்வாங்க. அவரை எடுத்த போட்டோ மிகக் கொஞ்சம். ஆனா மயிலாப்பூர்ல எந்த ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போனாலும் ஒரு அஞ்சு வயசுப் பையன் கறுப்பு கோட்டு, வெள்ளை முண்டாசு, மையில வரைஞ்ச மீசையோட நிப்பான். மூக்கு ஒழுகிட்டு இருந்தாலும் அவன் பாரதியார்தான். பெத்தவங்க கண்ணுல தண்ணி வந்துடும்.

அதே மயிலாப்பூர்ல ராதாகிருஷ்ணன் சாலைன்னு தினமும் சொல்றீங்களே, அந்தப் பெரியவர் படத்துலேருந்து வெள்ளைத் தலப்பாவை எடுத்துட்டுப் பாருங்க, யாருக்கும் அடையாளம் தெரியாது. விவேகானந்தர் 1897ல மெட்ராஸ் வந்து ஐஸ் ஹவுஸ்ல ஒன்பது நாள் தங்கினார். அவரையும் நமக்குத் தலப்பாவோடதான் தெரியும். அந்தக் காலத்து மயிலாப்பூர் வக்கீல்கள் படத்தைப் பாருங்க, எல்லார் தலையிலும் சரிகை போட்ட பாகை. எல்லாரும் மன்மதனா? ஒருத்தருக்குக் காது விசிறி மாதிரி, ஒருத்தருக்குத் தாடை உள்வாங்கி இருக்கும். ஒருத்தரும் "எனக்கு எடுக்காது"ன்னு கழட்டி வைக்கல. கோர்ட்டுக்குப் போற மனுசன் தலையில பாகை இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும். திருமலைப் பிள்ளை ரோட்டுல இருந்தாரே காமராஜர், அவர் தலையில ஒண்ணுமே கிடையாது. காங்கிரஸ்ல வடக்கத்தித் தலைவருங்க வெள்ளைக் குல்லாவோட வரிசையா உட்கார்ந்திருக்கிற படத்துல இவர் ஒருத்தர் வெறுந்தலையோட இருப்பார். யாராவது குறைச்சலா நினைச்சாங்களா? சோ மொட்டைத்தலையோடவே வாழ்ந்தார், அதுவே அவருக்கு முத்திரை. பாலு மகேந்திரா தொப்பியோடவே வாழ்ந்தார். வச்சாலும் வைக்காட்டியும் அவங்க கூச்சப்படல. பக்கத்துல இருக்கிறவன் என்ன நினைப்பான்னு தலையைத் தடவிக்கிட்டு நிக்கிறவனுக்கு மணிமுடி வச்சாலும் நழுவி விழும்.

"அப்போ தன்னம்பிக்கைதான் விஷயம்"னு மாப்பிள்ளை இங்க குறுக்கே வருவார். இப்பல்லாம் எதைத் தொட்டாலும் தன்னம்பிக்கை. கண்ணாடி முன்னாடி நின்னு "நான் அழகு, நான் அழகு"ன்னு பத்து தரம் சொல்லிட்டுத் தொப்பி போட்டுக்கிட்டுப் போகணுமாம். அதுலயும் பாதிதான் நிஜம். தலையில துணி கட்டுற தைரியம் தனி மனுசனுக்குள்ளேருந்து மட்டும் வர்றதில்ல. ஊர் அனுமதிச்சிருக்கணும். ஊர் அனுமதிக்காத காலம் ஒண்ணு இருந்துச்சு, ரொம்பப் பழசும் இல்ல.

கன்னியாகுமரி பக்கம் சாமிதோப்புன்னு ஒரு ஊர். அய்யா வைகுண்டர் அங்க இருந்தவர், 1809லேருந்து 1851 வரைக்கும் வாழ்ந்தவர். அப்போ அந்தப் பகுதி திருவிதாங்கூர் ராஜாகிட்ட இருந்துச்சு. சாணார்னு ஒதுக்கி வச்ச ஜனங்க தலைக்கு வரி கட்டணும். அவங்க பொம்பளைங்க மாராப்பு போடக்கூடாதுன்னு தடை. அதுக்கு நடந்த போராட்டம் 1859 வரைக்கும் இழுத்துச்சு. ஆம்பளைங்க தலையில துணி கட்டக்கூடாது. அந்த ஜனங்ககிட்ட வைகுண்டர் சொன்னார், தலப்பா கட்டிக்கிட்டு சாமி கும்பிட வாங்கன்னு. நம்ம கோயில்கள்ல சாமி முன்னாடி தலையில இருக்கிறதை எடுக்கணும்னு இருக்க, அவர் தலைகீழா மாத்தினார். இன்னைக்கும் சாமிதோப்புப் பதியில ஆம்பளைங்க தலப்பா கட்டித்தான் உள்ள போகணும். உள்ள போனா சிலை இல்ல. ஒரு நிலைக்கண்ணாடி, முன்னாடி விளக்கு. தலப்பா கட்டின உன் முகத்தை நீயே பார்த்துக் கும்பிடணும்.

பனை ஏறி ஏறி நெஞ்சுல காய்ப்பு ஏறின ஒரு மனுசன், பொறந்ததுலேருந்து தலை குனிஞ்சே நடந்தவன், முதல் முதலா தலையில துணி கட்டி கண்ணாடியில தன்னைப் பார்த்த அந்த நாளைக் கொஞ்சம் யோசிங்க. "எனக்கு எடுக்குதா"ன்னா அவன் பார்த்திருப்பான்? உங்க ஊர்த் துணிக்கடையில தொப்பியை வச்சுக்கிட்டு இடமும் வலமும் திரும்பிப் பார்த்துட்டு "எனக்கு சூட் ஆகல"ன்னு திருப்பி வைக்கிறீங்களே, அப்போ இவன் ஞாபகம் எனக்கு வந்துடுது.

தெற்கே எங்கேயோ நடந்த கதைன்னு ஒதுக்கவும் வேண்டாம். எங்க ஊர் வந்தவாசி பக்கம். என் தாத்தாவுக்கு ஒண்ணரை ஏக்கர்தான் கழனி, பெரிய மிராசு கிடையாது. ஆனா அவர் களத்துக்குக் கூலி வாங்க வந்தவங்க தலையில இருக்கிற துண்டை அவிழ்த்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் நிப்பாங்க. நான் சின்னப் பையன்ல பார்த்திருக்கேன். மழைத்தூறல்லகூட அவிழ்த்துட்டு நிப்பாங்க. அதனாலதான் "கிராமத்து முண்டாசு, அதோட அழகே தனி"ன்னு நீங்க உருகும்போது என்னால கூடச் சேர்ந்து உருக முடியல. அதே முழத்துண்டு ஒருத்தன் தலையில கிரீடம், இன்னொருத்தன் கக்கத்துல அழுக்குத்துணி. கோயில்ல யாருக்குப் பரிவட்டம்னு இன்னைக்கும் ஊர் ஊரா வெட்டு குத்து வரைக்கும் போகுது. பரிவட்டம்னா என்ன? தலையில சுத்துற ரெண்டு முழத் துணிதானே.

சட்டத்துல இப்போ அந்தத் தடை இல்ல. ஆனா உங்க ஊர் வாசல்ல வேற மாதிரி உட்கார்ந்திருக்கு. போன வருசம் சித்திரை கடைசியில அடையார்ல ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு அரிசி கொண்டு போனேன். மாப்பிள்ளைச் சம்பா, அம்பது கிலோ. சொல்லி வச்ச வீடுதான். கேட்டுல செக்யூரிட்டி தம்பி, பாவம் அதுவும் எந்தக் கிராமத்துப் பிள்ளையோ, "பெரியவரே, தலையில கட்டியிருக்கிறத எடுங்க, கேமராவுல முகம் தெரியணும்"னுச்சு. முகத்துல நான் ஒண்ணும் கட்டலையேன்னேன். "ரூல் சார்"னுச்சு. பெரியவர் சார் ஆயிட்டேன், ஆனா துண்டு இறங்கணும். அந்த நேரத்துல ஒரு பையன் இங்கிலீஷ் எழுத்து போட்ட தொப்பியைக் கண்ணு வரைக்கும் இறக்கி விட்டுக்கிட்டு, காதுல பஞ்சு மாதிரி எதையோ சொருகிக்கிட்டு விறுவிறுன்னு உள்ள போறான். அவனை யாரும் நிறுத்தல. அவன் முகம் கேமராவுக்குத் தெரிஞ்சிருக்கும்போல.

நான் அவிழ்க்கல. வீட்டுக்கார அம்மாவை போன்ல கூப்பிட்டேன், அவங்களே கீழ இறங்கி வந்து கூட்டிட்டுப் போனாங்க. அரிசி மூட்டையைத் தலையில தூக்கி வச்சப்போ அந்தத் துண்டேதான் சும்மாடு. அதையும் அவிழ்க்கச் சொன்னா மூட்டையை எங்க வைக்கிறது?

இதைவிட எனக்கு எரிச்சல் ஒண்ணு உண்டு. பெரிய ஹோட்டல் வாசல்ல கதவு திறந்து விடுறதுக்கு ஒருத்தரை நிக்க வச்சிருப்பீங்க. முறுக்கின மீசை, பட்டைச் சரிகையில குஞ்சம் வச்ச தலப்பா, இடுப்புல கச்சை. மகாராஜா கட்டின தலப்பாவைக் கட்டி மகாராஜா மாதிரி நிக்கிற அந்த மனுசனுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. "கிராமத்து விருந்து"ன்னு போர்டு மாட்டின ஹோட்டல்ல போனா, பரிமாறுற பிள்ளைங்களுக்கெல்லாம் கட்டம் போட்ட துண்டுல முண்டாசு. ஏசி ரூமுக்குள்ள முண்டாசு எதுக்குங்க? வாசல்ல ஒரு வண்டிச்சக்கரம், பக்கத்துல ரெண்டு முண்டாசு தொங்குது, மாட்டிக்கிட்டு செல்ஃபி எடுக்கலாம். கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளைக்கு வாடகை சஃபா, ரோஸ் கலர்ல, ரிசப்ஷன் முடிஞ்சா திருப்பிக் குடுத்துடணும். தேர்தல் வந்தா எல்லாக் கட்சித் தலைவருக்கும் பச்சைத் தலப்பா கட்டி, கையில கலப்பையைக் குடுத்து படம் எடுத்துடுறாங்க. யார் தலையில வேணும்னாலும் இருக்கலாம், வெயில்ல வேலை செய்யுறவன் தலையில இருந்தா மட்டும் கேமராவுக்கு ஆகாது.

திண்டுக்கல்ல நாகசாமி நாயுடுன்னு ஒருத்தர் 1957ல ஆனந்த விலாஸ்னு பிரியாணிக் கடை வச்சார். எப்பவும் தலப்பா கட்டியிருப்பார், அதனால ஜனங்க தலப்பாக்கட்டி கடைன்னே கூப்பிட்டாங்க. அந்தப் பேருல இன்னைக்கு மெட்ராஸ்ல எத்தனை கிளை! அடுப்புச் சூட்டுல நின்னு வேலை பார்த்த மனுசன் கட்டின துணிதான் அது. பேரைச் சொல்லி வரிசையில நின்னு சாப்பிடுறீங்க, சந்தோசம். துணியையும் கொஞ்சம் மதிங்க.

மெட்ராஸ்ல புத்தியோட தலையை மூடுறவங்க யாருன்னு பார்த்தா ஸ்கூட்டர்ல போற பெண் பிள்ளைங்கதான். துப்பட்டாவை எடுத்துத் தலை, காது, கழுத்து எல்லாம் சுத்தி, கண்ணு மட்டும் தெரியுற மாதிரி கட்டிக்கிட்டு அது மேல ஹெல்மெட் போடுதுங்க. அதைப் பார்த்து "கொள்ளைக்காரி மாதிரி"ன்னு சிரிக்கிற ஆம்பளைங்க உண்டு. எங்க ஊர்ல நடவுக்குப் போற பொம்பளைங்க சேலைத் தலைப்புக்கு மேல துண்டு கட்டுறது இதே கட்டுதான். அழகுக்காக ஒருத்தியும் கட்டல. ஆனா வரிசையா குனிஞ்சு நடும்போது தூரத்துலேருந்து பார்த்தா அதைவிட அழகு எதுவும் எனக்குத் தெரியல. அது வேற பேச்சு.

ஹெல்மெட்டுன்னதும் ஞாபகம் வருது. 2015 ஜூலையிலேருந்து கட்டாயம்னு ஹைகோர்ட்டு சொன்னப்போ நம்ம ஆளுங்க என்னா புலம்பல்! முடி கொட்டும், முகம் தெரியாது, கல்யாணத்துக்குப் போகும்போது தலை கலைஞ்சிடும். ஃபைன் போட ஆரம்பிச்சதும் முகவெட்டு பார்க்காம எல்லாரும் மாட்டினாங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நம்ம பாட்டனுங்க சொன்னது சும்மாவா? இன்னைக்கு ஹெல்மெட்டு எனக்கு எடுக்கலைன்னு எவனாவது சொன்னா சிரிப்பீங்கல்ல? போலீஸ்காரன் ஃபைன் போடுறான்னு போட்டீங்க. வெயில் போடுற ஃபைனுக்கு ரசீது கிடையாது, அதனால தெரியல.

தலப்பா மட்டும்தான் உசத்தின்னு நான் சாதிக்க வரல. துண்டு மண்டையைக் காக்கும், கண்ணைக் காக்காது. வியட்நாம் விவசாயி வைக்கிற கூம்புத் தொப்பி, நெத்தி, கண்ணு, பிடரி மூணுக்கும் நிழல் குடுக்கும். நம்ம பனை ஓலையிலயும் தொப்பி முடையுறாங்க, மகாபலிபுரத்துல டூரிஸ்டுக்கு விக்கிறாங்க. மல்லாட்டைக் கொல்லையில களை எடுக்கிற நேரத்துக்கு நானே ஓலைத்தொப்பிதான் வைப்பேன். காத்து அடிச்சா பறந்துடும், அது ஒண்ணுதான் தொல்லை. மழைக்கு யூரியா சாக்கை முக்காடு மாதிரி மடிச்சுப் போட்டுக்குவோம். அதுல ஒருத்தனும் அழகா இருக்க மாட்டான், நானும் சேர்த்துத்தான்.

துண்டுல இருக்கிற வசதி வேற எதுலயும் இல்ல. பம்புசெட்டுல நனைச்சுப் பிழிஞ்சு கட்டினா அரை மணி நேரம் மண்டை குளிர்ச்சி. அவிழ்த்தா வேர்வை துடைக்கலாம், விரிச்சா மரத்தடியில படுக்கலாம், சுருட்டினா சும்மாடு, முடிச்சு போட்டா நாலு கத்தரிக்காய் கொண்டு வரலாம். எல்லாம் போச்சுன்னா தலையில முக்காடா போட்டுக்கிட்டுப் போறதும் அதேதான். கடன்காரனுக்கு ஒளியறவன் தலையிலயும் துண்டு, கரகம் ஆடுறவன் தலையிலயும் துண்டு. கட்டுற விதத்துலதான் மானம், அவமானம் எல்லாம் இருக்கு.

மாப்பிள்ளைக்கு ஒண்ணு வாங்கித் தர்றதா சொல்லியிருக்கேன். உங்களுக்கும் வேணும்னா ரங்கநாதன் தெருவுலயோ மயிலாப்பூர் மாட வீதியிலயோ காசித் துண்டுன்னு கேளுங்க. கனமான பூத்துவாலை வாங்கிடாதீங்க, அது தண்ணி உறிஞ்சிட்டு செங்கல் மாதிரி உட்காரும். நல்ல நீளமா, மெல்லிசா இருக்கணும். புதுத்துணியில கஞ்சி இருக்கும், மூணு தண்ணி அலசினாத்தான் வழுக்காம பிடிக்கும். நெத்தியில ஒரு முனையை விட்டு, பின்னாடி கொண்டு போய், முன்னாடி முறுக்கி ஒரு சுத்து, மிச்சத்தைக் காதுக்கு மேல சொருகுங்க. முதல் ரெண்டு நாள் அவிழ்ந்து அவிழ்ந்து விழும். கண்ணாடி பார்த்துக் கட்டாதீங்க, கை இடம் வலம் குழம்பிடும்.